நீரிழிவும் செயற்கைக் காலும்: அனுபவப் பகிர்வு

கொக்குவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

போர்க்காலத்தில் மிதிவெடியில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த எனக்கு, ஐம்பது வயதைக் கடந்த பின்னர் நீரிழிவும் வந்து சேர்ந்தது. கிளினிக்கில் சந்தித்த இளம் வைத்தியர், எல்லோருக்கும் சொல்வதைப் போல, நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடக்கும்படி எனக்கும் சொன்னார். மேசை மறைத்திருந்தமையால் செயற்கைக் கால் அவருடைய கண்ணில் படவில்லை. நான் காற்சட்டையை உயர்த்திக் காட்டியதும் எழுந்து வந்து, எஞ்சியிருக்கும் பாதத்தை விரல் விரலாகப் பார்த்தார். அதன் பின்னர் அவர் சொன்னவை வேறு.

முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர் நடப்பதற்கு மற்றவர்களைவிட மிகுந்த சக்தி செலவாகிறது என்பதால், இன்சுலின் போடுகின்ற என்னைப் போன்றவருக்குச் சிறிது தூரத்திலேயே இரத்தச் சீனி இறங்கிவிடலாம். அளவு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் (70 mg/dL) கீழே போனால் 15 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்களின் பின் மீண்டும் சோதிக்கிறேன். (பனங்கட்டி உடம்புக்கு நல்லது என்று தேநீருக்குத் தேநீர் கடிப்பவர்களுக்கு ஒரு சொல்: அதுவும் சீனிதான்.) மாலையில் செயற்கைக் காலைக் கழற்றியவுடன் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்து, எஞ்சியிருக்கும் தொடைத் தண்டின் அடிப்பகுதியைப் பார்ப்பேன், ஏனென்றால் உணர்ச்சி மங்கிய தோலில் கொப்புளம் எழுந்தாலும் வலி தெரியாது. சிவந்த இடம் பத்து நிமிடத்துக்குள் மறையாவிட்டால், செயற்கைக் காலை மீண்டும் மாட்டுவதற்கு முன்னர், தண்டு பொருந்தும் அதன் குழியைச் சரிபார்க்கக் கொண்டுபோக வேண்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவின் 25 நாள்களும் எனக்குச் சோதனைதான். நண்பகல் மணலில் வெறுங்காலுடன் நடந்தால் சூடுபட்டதுகூடத் தெரியாமல் புண் வந்துவிடும் என்பதால், மணல் குளிர்ந்திருக்கும் அதிகாலைப் பூசைக்கே போகிறேன். வீதியில் காலுறையுடன் நின்ற என்னைப் பெரியவர் ஒருவர் கண்டித்தார். காரணத்தைச் சொன்னதும் தமது தம்பியும் இவ்வாறே காலை இழந்தார் என்று கூறி, வீதி முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சுன்னாகத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, நான் பார்வையற்றவள். கிளினிக்கில் என் தங்கையைப் பார்த்து, “இவவுக்கு எத்தனை அலகு இன்சுலின் போடுகிறீர்கள்?” என்று கேட்பார்கள், போடுவது நான்தான் என்று ஒவ்வொரு முறையும் நானே பதில் சொல்கிறேன். பேனா வடிவ இன்சுலின் ஊசியில் அளவைத் திருப்பி வைக்கும்போது ஒவ்வோர் அலகுக்கும் ஒரு ‘கிளிக்’ ஒலி கேட்கும். ஆனால் அந்த ஒலியை மட்டும் நம்பக் கூடாது என்று பேனாவுடன் வரும் தாளிலேயே எழுதியிருப்பதால், தங்கை ஒருமுறை இலக்கத்தைப் பார்த்துச் சொல்வாள். உணவுக்கு முன் போடும் பேனாவில் இறப்பர் வளையம் மாட்டியிருக்கிறேன். வேறு வகை இன்சுலின் உள்ள இரவுப் பேனாவில் வளையம் இல்லை. இரண்டும் மாறினால் வரக்கூடிய ஆபத்தைப் பார்வையுள்ள வீட்டாருக்கும் விளங்கப்படுத்தி வைத்திருக்கிறேன், ஏனென்றால் மேசையைத் துடைக்கும்போது வளையத்தைக் கழற்றிவிடுபவர்கள் அவர்கள்தாம்.