டிசி ரிட்டர்ன் பம்ப் நம் ஊர் மின்சாரத்துக்குத் தாங்குமா?

வளவுத்தொட்டி (காரைக்குடி)
வளவில் 4 அடி பவளத் தொட்டி (மீனும் உயிர்ப் பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வடிந்து சேரும் சின்னத் தொட்டி). அங்கிருந்து தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற 24 வோல்ட் டிசி ரிட்டர்ன் பம்ப் போட்டு 14 மாதம் ஆகிறது. போன செவ்வாய் விடியற்காலை ஆச்சி வந்து எழுப்பி, "தண்ணி சத்தமே கேக்கல, என்னன்னு பாரு" என்றார்கள். பம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டியில் விளக்கே இல்லை. பிளக்கை உருவினால் ஒரு முள் பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. மீன்கள் தப்பித்துவிட்டன. மறுபடி டிசியே வாங்கவா, அடாப்டர் இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஏசி பம்புக்குப் போகவா?

தேவகோட்டைப் பவளம்
ஏசிக்கு வந்துவிடுங்கள் தம்பி. அதில் ஒரு காயில், காந்தம் பதித்த இம்பெல்லர் (சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), செராமிக் தண்டு, அவ்வளவுதான். டிசியில் இம்பெல்லரோடு அடாப்டர், கண்ட்ரோலர், நடுவே இரண்டு மூன்று பிளக். இவற்றில் எது போனாலும் தண்ணீர் மேலே ஏறாது. என் ஏசி பம்ப் 9 வருடமாக ஓடுகிறது.

கானாடுகாத்தான் கடல்
அண்ணே, அவருக்குப் போனது மோட்டார் இல்லையே, பிளக்தானே? தம்பி, கண்ட்ரோலரை எங்கே மாட்டியிருந்தீர்கள்?

வளவுத்தொட்டி (காரைக்குடி)
கேபினெட்டுக்குள், சம்ப் விளிம்புக்கு ஒரு சாண் மேலே. அடாப்டரும் பக்கத்தில்தான்.

கானாடுகாத்தான் கடல்
அதுதான் காரணம். குமிழி உடைந்து தெறிக்கிற உப்புத் துளி வயர் வழியாகவே பிளக்குக்குள் போய்விடும். கண்ட்ரோலரைக் கேபினெட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள். வயரை ஒரு முறை கீழே தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றினால் துளி வளைவிலேயே சொட்டிவிடும். அடாப்டருக்கும் காற்று வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய கேபினெட் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 80 வாட் ஏசி செய்கிற வேலையை என் டிசி 45 வாட்டில் செய்கிறது. 35 வாட் மிச்சம் என்றால் இரண்டு மாத பில்லில் 50 யூனிட். தண்ணீரில் இறங்கும் சூடும் அந்த அளவுக்குக் குறைவு.

தேவகோட்டைப் பவளம்
யூனிட் மிச்சம் சரி. மாதப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிறது. வந்ததும் பட்டனை அமுக்கினால்தான் ஓடுவேன் என்கிற டிசி பம்புகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆள் இல்லை என்றால் தொட்டி என்ன ஆகும்? கண்ட்ரோலர் போனால் காரைக்குடிக் கடைத்தெருவில் கிடைக்குமா? வெளியூரிலிருந்து வருகிறவரை பவளம் காத்திருக்காது.

இன்னொன்று, வேகத்தைக் குறைக்கலாம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வேகம் பாதியானால் பம்ப் ஏற்றும் உயரம் கால் பங்காகிவிடும். 4 மீட்டர் ஏற்றுகிற பம்ப் 1 மீட்டரில் நின்றுவிடும். தொட்டிக்கு ஏற வேண்டியதே அதற்கு மேல்தானே?

கானாடுகாத்தான் கடல்
உயரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். 70 சதவீதத்துக்குக் கீழே நான் இறக்குவதில்லை. பட்டன் விஷயத்தை வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, தானாக ஓடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் கரண்ட் போய் வரும்போது ஏசியும் சிக்கும் அண்ணே. சுண்ணாம்பு படிந்திருந்தால் இம்பெல்லர் சுற்றாமல் 'ங்ங்' என்று முனகிக்கொண்டே காயில் சூடாகும். டிசியில் கண்ட்ரோலர் அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். எதுவானாலும் கழுவாத பம்ப் நிற்கத்தான் செய்யும். தம்பி, 14 மாதத்தில் ஒரு தடவையாவது கழற்றினீர்களா?

வளவுத்தொட்டி (காரைக்குடி)
இல்லை அண்ணே. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

தேவகோட்டைப் பவளம்
இதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. பவளத்துக்காக லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் கால்சியம் வைத்திருக்கிறோம். சூடான இடத்தில்தான் அது முதலில் படியும், தொட்டியில் சூடான இடம் பம்ப். 3 மாதத்துக்கு ஒரு முறை கழற்றுங்கள். 5 லிட்டர் வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் சிட்ரிக் ஆசிட் பொடி போட்டு, பம்பை அதிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பித்தளைக் குடத்துக்கு ஆச்சி புளி போடுகிற அதே வித்தைதான், ஆனால் இங்கே புளி வேண்டாம், சக்கை உள்ளே தங்கும். அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷ், நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசல்.

வளவுத்தொட்டி (காரைக்குடி)
இன்று கழற்றிவிட்டேன். இம்பெல்லர் இருக்கும் குழியில் வெள்ளையாக அரிசி மாவு அப்பிய மாதிரி இருந்தது. ஆசிட் தண்ணீரில் போட்டதும் சோடா போலப் பொங்கியது. புதுக் கண்ட்ரோலருக்கு மட்டும் ஆர்டர் சொல்லியிருக்கிறேன், அதை இந்தத் தடவை வெளிச் சுவரில் மாட்டுவேன். அது வரும்வரை ஓட ஒரு சின்ன ஏசி பம்ப் வாங்கிவிட்டேன், பிறகும் அது உபரியாகக் கையில் இருக்கும். செராமிக் தண்டில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. பரவாயில்லையா?

தேவகோட்டைப் பவளம்
நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் விரிசல், தண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வளவுத்தொட்டி (காரைக்குடி)
சிக்குகிறது அண்ணே. சொல்லிவிடுகிறேன்.