வேக்யூமும் நீராவி மாப்பும் ஒன்றாகச் சேர்ந்த கருவி: வாங்கலாமா?

ஈரக்கால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கூடத்திலும் சமையலறையிலும் விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்திருக்கிறோம். படுக்கையறை ஒன்றில் மட்டும் லேமினேட் பலகைத் தரை. முதலில் பெருக்கி, பிறகு வாளியும் மாப்புமாகத் துடைத்து முடிப்பதற்குள் தினமும் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. பகலில் வீட்டில் இருப்பவர் என் மாமியார்தான். அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் குனிந்து துணி பிழிய முடிவதில்லை. தவழும் குழந்தையும் இருப்பதால், தரையில் வாசனைத் திரவங்களை ஊற்றவும் மனம் வரவில்லை.

தூசியை உறிஞ்சிக்கொண்டே நீராவியாலும் துடைக்கும் கருவி ஒன்றைப் பார்த்தேன். ஒரே தடவையில் இரண்டு வேலையும் உண்மையிலேயே முடிந்துவிடுமா? லேமினேட் தரையில் அதை ஓட்டலாமா? வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் வகையை வாங்கினால் மாமியாருக்கு வசதியாக இருக்குமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பூனைமுடி எழுதியது:

இந்த வகைக் கருவியை நான் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், முடியாது என்பதுதான். கருவி என்னவோ ஒன்றுதான், ஆனால் வேலை இரண்டாகவே இருக்கிறது.

இதற்குக் காரணம் கருவியின் அடிப்பகுதியில் இருக்கிறது. என்னிடம் உள்ளதில் உறிஞ்சும் வாய் முன்னாலும் நீராவி வரும் துணிப் பட்டை பின்னாலும் அமைந்திருக்கின்றன. முன்னே தள்ளும்போது தூசி முதலில் உள்ளே போய், அதன் பிறகு ஈரத்துணி வருவதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பின்னால் இழுக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. துணி முதலில் தரையை நனைக்க, நனைந்த தரையின் மேல் உறிஞ்சும் வாய் வந்து ஈரத்தூசியையும் முடியையும் இழுத்துக்கொள்கிறது. வாங்கிய மூன்றாவது வாரத்தில் கருவியிலிருந்து புழுங்கிய துணியின் நாற்றம் வந்தது. தூசிப் பெட்டியைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, காற்று போகும் குழாயின் வளைவில் பூனை முடியும் மாவு போன்ற தூசியும் ஒன்றாகக் கெட்டித்து, சுண்டுவிரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டரும் ஈரமாக இருந்தது.

அன்று முதல், துணியைக் கழற்றிவிட்டு, நீராவியை இயக்காமல் வீடு முழுவதும் ஒருமுறை உறிஞ்சி எடுக்கிறேன். அதன் பிறகே துணியை மாட்டி நீராவியை விடுகிறேன். நாற்றம் திரும்பவில்லை, தரையில் சேற்றுக்கோடுகளும் விழுவதில்லை. வாளி தூக்குவதும் துணி பிழிவதும் இல்லாமல் போனதே எனக்குக் கிடைத்த லாபம். நேரத்தில் பெரிய மிச்சம் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் உறிஞ்சும் பகுதி உலர்ந்த தூசிக்கானது. குழந்தை பாலைக் கொட்டிவிட்டால் அதன் மேல் இதை ஓட்டாதீர்கள்; மோட்டாருக்கு ஆபத்து.

மூன்றாம் மாடி எழுதியது:

லேமினேட் அறையில் நீராவியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பலகையின் மேற்பரப்பு நீரைத் தாங்கக்கூடும்; ஆனால் அதன் உள்ளீடு மரத்தூளையும் நாரையும் பசையுடன் அழுத்திச் செய்தது. நீராவி, துடைத்த நீரைப் போல மேலேயே நிற்காமல், இரண்டு பலகைகள் சேரும் மெல்லிய கோட்டின் வழியாக உள்ளே புகுந்து, அங்கே குளிர்ந்து நீராகிவிடுகிறது. அப்போது விளிம்பு உப்பிக்கொள்ளும். ஒருமுறை உப்பியது காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. தரைப்பலகை தயாரிப்பாளர்கள் பலர் நீராவியால் ஏற்படும் சேதத்தை உத்தரவாதத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறார்கள். பசையிட்டு ஒட்டிய வினைல் தரைக்கும் வெப்பம் ஆகாது, ஏனெனில் பசை இளகி ஓரங்கள் எழும்பும். உங்கள் டைல்ஸுக்கு இந்தப் பயம் இல்லை.

பேட்டரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டாலே விடை கிடைத்துவிடும். ஒரு லிட்டர் நீரைச் சூடாக்கி முழுவதையும் ஆவியாக்க ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி மின்சாரம் தேவை. தொட்டியில் 400 மில்லி நீர் இருந்தால் அதற்கு மட்டும் 280 வாட் மணிக்கு மேல் ஆகும். கையில் பிடிக்கும் பேட்டரி வேக்யூம் ஒன்றின் பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் இதில் பாதிகூட இல்லை. ஆகவே நீராவி வேண்டுமென்றால் வயரோடு வாழப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். 1500 வாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் ஆறரை ஆம்பியர் இழுக்கும் என்பதால், மெல்லிய வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அதைச் செருகக் கூடாது. அதே கணக்குப்படி, முழு வேகத்தில் நீராவி விட்டால் அந்த 400 மில்லி பதினோரு நிமிடங்களில் தீர்ந்துவிடும்; நீராவியின் அளவைக் குறைத்து வைத்தால் கூடுதல் நேரம் வரும். விளம்பரத்தில் தொட்டியின் அளவைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாளி எழுதியது:

நண்பர்கள் இருவரும் நீராவியை ஏற்றுக்கொண்டே பேசுகிறார்கள். எனக்கு அதிலேயே சந்தேகம் உண்டு. கிருமிகள் ஒழியும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கருவியை ஓரிடத்தில் எத்தனை விநாடி அசையாமல் நிறுத்தினால் அது நடக்கும் என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கும். யாராவது கூடம் முழுவதும் அப்படி நின்று நின்றா துடைப்பார்கள்? சாதாரண நடையில் தள்ளிக்கொண்டு போனால் கிடைப்பது சூடான ஈரத்துணியால் துடைத்த தரை. தினசரித் துப்புரவுக்கு அதுவே போதும் என்பது வேறு விஷயம்.

குழந்தை உள்ள வீட்டில் தினமும் ஏதாவது சிந்தும் என்பதால், சுழலும் ரோலரில் நீரை விட்டு, அழுக்கு நீரைத் தனித் தொட்டிக்குள் உறிஞ்சிக்கொள்ளும் ஈர வேக்யூமையும் பாருங்கள். சிந்திய பால், சோற்றுப் பருக்கை, தூசி எல்லாவற்றையும் அது சேர்த்தே எடுக்கும், பேட்டரியிலும் கிடைக்கிறது. அடுப்படியில் காய்ந்து ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை இளக்குவதில் மட்டும் நீராவிதான் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈர வேக்யூமின் தொல்லை வேலை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது: அழுக்குத் தொட்டியை உடனே கொட்டிக் கழுவி, ரோலரை வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். ஒரு நாள் மறந்து மூடி வைத்துவிட்டேன்; மறுநாள் தொட்டியைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தில் வீட்டில் இருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஈரக்கால் எழுதியது:

மிக்க நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு, கடைக்குப் போய்க் கருவியை மாமியார் கையிலேயே கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்த கருவியை அவர் சமதரையில் எளிதாகத் தள்ளினார். ஆனால் வாசற்படி உயரத்துக்குத் தூக்கச் சொன்னபோது இரண்டு கையாலும் பிடித்தார். நீராவி மட்டும் தரும் மாப் ஏறக்குறைய பாதி எடைதான் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு சிறிய பேட்டரி வேக்யூம் இருப்பதால், டைல்ஸுக்கு நீராவி மாப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, லேமினேட் அறைக்கு வேக்யூமும் நன்றாகப் பிழிந்த துணியுமாகத் தொடரலாம் என்று நினைக்கிறேன். சிந்திய பாலுக்கு ஒரு பழந்துணி போதும். எங்கள் வீட்டுக் குழாய்நீர் உப்பு நீர் என்பதுதான் மிச்சமுள்ள கவலை.

பூனைமுடி எழுதியது:

நல்ல முடிவு. இன்று வாங்குவதானால் நானும் அப்படித்தான் வாங்குவேன். உப்பு நீரை ஊற்றாதீர்கள். நீர் ஆவியாகிவிடும், அதில் இருந்த சுண்ணாம்பு மட்டும் உள்ளேயே தங்கிப் படிந்து நீராவித் துளையை அடைக்கும். காய்ச்சினாலும் உப்பு முழுவதும் போகாது. காய்ச்சி வடித்த நீரோ சுத்திகரிப்புக் கருவியில் உப்பு நீக்கிய நீரோ ஊற்றுங்கள். வாசனைக்காக எதையும் தொட்டியில் கலக்க வேண்டாம்.

துணிப் பட்டைகள் குறைந்தது மூன்று இருக்கட்டும். கூடத்தைத் துடைத்த துணியோடு சமையலறைக்குப் போனால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. துவைக்கும்போது துணி மென்மையாவதற்கான திரவத்தைச் சேர்த்தால் இழைகளில் படலம் படிந்து, துணி ஈரத்தை உறிஞ்சாமல் போய்விடும். வேலை முடிந்ததும் நீராவி அடங்கும்வரை கருவியைத் தரையில் வெறுமனே நிறுத்தி வைக்காதீர்கள். அதனுடன் வரும் தட்டின் மேல் நிறுத்துங்கள். துணி தொடும் அளவுக்கு ஆறிய பிறகே கழற்றலாம் என்று மாமியாரிடம் சொல்லிவையுங்கள், ஏனெனில் முதல் நாள் நான் அவசரப்பட்டு இழுத்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.