1911 மனு: ஹோ சி மின் கப்பல் ஏறும்போதே புரட்சிக்காரரா?

பனையோலை: "வியட்நாம் தலைவர் ஹோ சி மின் விடுதலைத் திட்டத்தோடுதான் நாட்டைவிட்டுக் கிளம்பினார்" என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தேடித்தான் போனார். 1911 ஜூனில் சைகோனில் கப்பல் ஏறினார். செப்டம்பரில் மார்செய்யிலிருந்து பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கே மனு, காலனிப் பள்ளியில் இடம் கேட்டு. காலனி நிர்வாகத்துக்கு ஆள் தயாரித்த பள்ளி அது! பிரான்சுக்குப் பயன்பட விரும்புவதாக மனுவிலேயே இருக்கிறது.

கடலோடி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1910-ல் தந்தையின் பதவி பறிபோனது. கப்பலில் சமையல் எடுபிடியாக வந்தவர் கண்ணில் பட்ட கதவைத் தட்டினார். தன் நாட்டவர் கல்விபெற உதவ வேண்டும் என்றும் அதே மனுவில் இருக்கிறது. அதை ஏன் விழுங்கினீர்கள்?

பனையோலை: கல்வி கேட்பது விடுதலைத் திட்டமா? 1912 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து தந்தைக்கு வேலை கேட்டு அன்னாமின் (நடு வியட்நாம்) பிரெஞ்சு அதிகாரிக்கு இன்னொரு கடிதம். மனுவுக்குப் பதில் சொல்லுங்கள் ஐயா.

நெய்தல்: முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமைதி மாநாட்டுக்குக் கொடுத்த 1919 வெர்சாய் மனுவைப் பாருங்கள். எட்டுக் கோரிக்கைகள்: அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு, பத்திரிகைச் சுதந்திரம், ஆணைகளுக்குப் பதில் சட்டம், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிரந்தரப் பிரதிநிதிகள்... தனிநாடு அதில் இல்லை. 1920 ஜூலையில் பிரெஞ்சு சோசலிஸ்டுகளின் லூமானிட்டே இதழில் லெனினின் காலனிக் கொள்கை வந்த பிறகுதான் திருப்பம். டிசம்பரில் பிரெஞ்சு சோசலிஸ்டுகளின் தூர் மாநாட்டில், லெனின் வழிவந்த மூன்றாம் அகிலத்தின் (உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பு) பக்கம் நின்றார்.

கடலோடி: வெர்சாய் மனுவைப் பிரெஞ்சில் வடித்தவர் வழக்கறிஞர் பான் வான் த்ருவோங். குழுவாகச் செய்ததை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்.

நெய்தல்: கையெழுத்து நுயென் ஐ குவோக். அந்தப் பெயரைப் பிறகு சுமந்தவர் யார்? ஹோ சி மின்தானே!

பனையோலை: இழை வெர்சாய்க்கு ஓடுகிறது, கடலோடிக்கு வசதி. போன மாதம் கானா தலைவர் நுக்ருமா பற்றிய இழையிலும் இப்படித்தான் நழுவினார். 1911 மனு, அதைப் பேசுங்கள்.

கடலோடி: நுக்ருமா இழையில் அவர் அமெரிக்காவில் படித்த லிங்கன் பல்கலைக்கழகத்தைத் தாண்டி ஓரடி வைக்காதவர் நீங்கள்!

மூன்றாம்வரிசை: ஹோ சி மின்னின் பாரிஸ் நாட்களை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள். பாரிஸில் கற்றது எழுத்தும் மேடையும். கட்சி கட்டும் வேலை 1923-க்குப் பின் மாஸ்கோவில். 1925-ல் சீனாவின் காண்டனில் இளைஞர் சங்கம் தொடங்கி, வியட்நாமியருக்கு வகுப்பெடுத்து, பலரை ரகசிய வேலைக்குத் திருப்பி அனுப்பினார். லெனினைப் படித்தவர் பாரிஸில் எத்தனையோ பேர். ஆளைப் பயிற்றித் திருப்பி அனுப்பத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பனையோலை: எல்லாம் 1911-க்குப் பிறகு. நான் சொன்னதும் அதுதானே?

கடலோடி: இல்லை. நீங்கள் சொன்னது வேலை தேடிப் போனார் என்று.

பனையோலை: மனு இருக்கிறது. மறுபடி படியுங்கள்.