ஃபீட் வாட்டர் லைனில் எல்போ மட்டும் மெலிவது ஏன்? தடித்த எல்போ போட்டால் போதுமா?

கேள்வி: பாய்லர் பராமரிப்பு

அனைவருக்கும் வணக்கம். ஒரு சர்க்கரை ஆலையின் இணைமின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். அரவை முடிந்தபின் எடுத்த திக்னஸ் (சுவர்த் தடிமன்) சோதனையில், 45 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தப் பாய்லருக்குப் போகும் 4 அங்குல ஃபீட் வாட்டர் குழாயில், கன்ட்ரோல் வால்வை அடுத்த எல்போவின் (வளைவுத் துண்டின்) வெளிவளைவு 3.4 மி.மீ. மட்டுமே இருந்தது. அது ஷெட்யூல் 80 (சுவர்த் தடிமன் ரகம்) கார்பன் ஸ்டீல், புதிதில் 8.56 மி.மீ. இருக்க வேண்டும். ஏழு பருவங்கள் ஓடியிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே துருவும் இல்லை, ஊசிக்குழிகளும் இல்லை. பளபளக்கும் கரும்படலத்தின்மேல் மீன் செதில் அடுக்கியதுபோல் ஆழமில்லாத பள்ளங்கள் ஓட்டத்தின் திசையிலேயே சாய்ந்து கிடக்கின்றன.

ஓடுவது டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய நீர்). மணலோ தூசியோ வர வழியில்லை. வெப்பநிலை சுமார் 130 டிகிரி, பிஎச் 8.6 முதல் 8.8 வரை, ஆக்சிஜனை நீக்க ஹைட்ரசீன் செலுத்துகிறோம். பம்பின் வெளியேற்ற அழுத்தம் 60 கிலோ. ஒப்பந்ததாரர் ஷெட்யூல் 160 எல்போ போட்டால் கவலை இல்லை என்கிறார். அது சரியான தீர்வா?

பதில் 1: உலோகவியல்

நீங்கள் விவரித்த செதில் வடிவமே நோயைச் சொல்லிவிடுகிறது. இது துகள் உரசி வந்த தேய்மானம் அன்று. நீரோட்டம் முடுக்கிவிடும் அரிமானம். ஆக்சிஜன் நீக்கிய வெந்நீரில் கார்பன் ஸ்டீலின்மேல் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. ஆனால் அந்தப் படலம் நீரில் சிறிது சிறிதாகக் கரையக்கூடியது. நேர்க்குழாயில் கரைந்த இரும்பு சுவரை ஒட்டியே தங்குவதால் கரைதல் மெதுவாக நடக்கும். வால்வுக்குப் பின்னும் வளைவிலும் நீர் சுழன்று அந்த இரும்பை உடனுக்குடன் அள்ளிச் செல்வதால் படலம் மேலும் கரைகிறது, அதை ஈடுகட்ட அடியிலுள்ள உலோகம் தொடர்ந்து அரிபடுகிறது. நீராக ஓடும் குழாய்களில் இந்த அரிமானத்தின் வேகம் 150 டிகிரியை ஒட்டி உச்சத்தை அடையும். உங்கள் குழாய் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஷெட்யூல் 160 யோசனையை நான் ஏற்கவில்லை. அதன் சுவர் 13.49 மி.மீ. என்பதால் உள்விட்டம் 97 மி.மீ.யிலிருந்து 87 மி.மீ.யாகக் குறைந்து, நீரின் வேகம் ஏறத்தாழ கால் பங்கு கூடிவிடும். மாற்ற வேண்டியது தடிமனை அல்ல, உலோகத்தை. 1.25 சதவீதக் குரோமியம் கொண்ட பி11 ரகத்தில் இந்த அரிமானம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது, 0.1 சதவீதம் குரோமியம் இருந்தால்கூடக் கார்பன் ஸ்டீலில் வேறுபாடு தெரியும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்போவை மட்டும் பி11-ஆக மாற்றினால், அதிலிருந்து வெளிவரும் நீரில் கரைந்த இரும்பு குறைவாக இருப்பதால், அடுத்துள்ள கார்பன் ஸ்டீல் குழாய் வெல்டை ஒட்டி முன்பைவிட வேகமாக மெலியக்கூடும். எனவே எல்போவுக்குப் பின் இரண்டு மூன்று விட்ட நீளத்துக்காவது குழாயையும் அதே ரகத்தில் போடுங்கள். பி11-க்கு முன்சூடேற்றமும் உரிய வெல்டிங் முறையும் தேவை. ஐபிஆர் (இந்திய பாய்லர் ஒழுங்குமுறை) சான்றுள்ள சரக்காக வாங்குங்கள்.

பதில் 2: நீர் வேதியியல்

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன்; ஆனால் நீரைச் சரிசெய்யாமல் உலோகத்தை மட்டும் மாற்றினால் நோய் வேறிடம் போகும். ஃபீட் வாட்டர் சுற்றில் செம்பு உலோகக் கலவை எதுவும் இல்லையென்றால் பிஎச்சை 9.2 முதல் 9.6 வரை வைக்கலாம், 8.7 இந்த எஃகுக்குப் போதாது. ஹீட்டரிலோ கண்டென்சரிலோ பித்தளைக் குழாய் இருந்தால் இந்த அளவு பொருந்தாது என்பதால் முதலில் அதை உறுதி செய்யுங்கள். ஹைட்ரசீனையும் தேவைக்கு மேல் செலுத்த வேண்டாம், ஏனெனில் ஆக்சிஜன் அறவே அற்ற ஒடுக்கச் சூழலில்தான் மேக்னடைட் மிக எளிதாகக் கரைகிறது. நீரில் கரைந்த வாயுக்களை வெளியேற்றும் டிஏரேட்டர் நன்றாக வேலை செய்தாலே பெரும்பகுதி முடிந்தது.

சர்க்கரை ஆலைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. சாற்றை வற்றவைக்கும் எவாபரேட்டரிலிருந்து திரும்பும் கண்டென்சேட்டில் (நீராவி குளிர்ந்த நீரில்) சாறு கலந்தால், சர்க்கரை வெப்பத்தில் சிதைந்து கரிம அமிலமாகிப் பிஎச்சை இறக்கும். நீரில் சர்க்கரை கலந்ததைக் காட்டும் ஆல்பா நாப்தால் சோதனையை ஷிஃப்டுக்கு ஒருமுறை மட்டும் செய்வதாக இருந்தால், இடையில் வந்துபோன சாறு பதிவேட்டில் தெரியவே தெரியாது.

பதில் 3: ஆய்வுப் பிரிவு

முதலில் கணக்கு. 60 கிலோ அழுத்தத்துக்கு இந்தக் குழாய்க்குத் தேவையான குறைந்தபட்சச் சுவர்த் தடிமன் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) சூத்திரப்படி சுமார் 2.8 மி.மீ. உங்களுக்கு மிஞ்சியிருந்தது 0.6 மி.மீ.; மெலிவு பருவத்துக்கு 0.7 மி.மீ. வீதம். அதாவது அடுத்த பருவத்தை அது தாங்கியிருக்காது. சோதனை செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஆகஸ்ட் 9 அன்று வெடித்ததும் இதே வகைக் கார்பன் ஸ்டீல் குழாய்தான். ஓட்டத்தை அளக்கும் துளைத் தட்டான ஓரிஃபிஸுக்குப் பின்னால், 10 மி.மீ. சுவர் சில இடங்களில் 1.5 மி.மீ.க்கும் கீழே இறங்கியிருந்தது. வெளிப்பட்ட நீராவியில் 5 தொழிலாளர்கள் இறந்தனர். ஆய்வுப் பட்டியலில் விடுபட்டுப்போன அந்த இடம், 1976-இல் நிலையத்தின் மூன்றாவது அலகு இயங்கத் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட அளக்கப்படவில்லை. அமெரிக்காவின் சர்ரி நிலையத்தில் 1986 டிசம்பரில் 4 பேரைப் பலிகொண்டதும் ஃபீட் பம்புக்கு முந்தைய ஓர் எல்போ.

ஆகவே உங்கள் பட்டியலில் ஃப்ளோ மீட்டருக்குப் பின், ரெடியூசர், டீ இணைப்பு, மறுசுழற்சி லைன், ஹீட்டர் வடிகால் லைன் ஆகிய எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒற்றைப் புள்ளியில் அளப்பது பயனற்றது. குழாயில் கட்டம் வரைந்து, அடுத்த முறையும் அதே புள்ளிகளில் அளக்க வேண்டும். எல்போ தயாரிப்பிலேயே வெளிவளைவு சற்று மெலிந்திருக்கலாம் என்பதால், புதிய எல்போவை வெல்டிங்குக்கு முன்பே அளந்து பதிவு செய்யுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. சுற்றில் பித்தளை இல்லை என்பதை உறுதி செய்துவிட்டோம். எல்போவையும் அதற்குப் பின் அரை மீட்டர் குழாயையும் பி11 ரகத்தில் கேட்டிருக்கிறேன். ஃப்ளோ மீட்டருக்குப் பின்னுள்ள பகுதி எங்கள் பட்டியலில் இல்லை. நாளை இன்சுலேஷனைப் பிரித்து அளக்கிறோம், அளவுகளை இங்கேயே பதிவிடுகிறேன்.