ஹ்யூகோ தளத்தில் ரஸ்ட் வாஸ்ம் ஓடவில்லை, அவசரம்

நூல்காரன்_திருப்பூர்: வணக்கங்க. ரஸ்ட் மொழியில் எழுதிய பனியன் நூல் கணக்கு நிரலை, பிரவுசரில் ஓடும் வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) கோப்பாக்கி, ஹ்யூகோ என்ற கருவியால் கட்டிய என் தளத்தில் வைத்தேன். பக்கம் வருகிறது, பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. நாளைக் காலை அண்ணன் தன் பார்ட்டியிடம் (சரக்கு வாங்குபவரிடம்) காட்ட வேண்டும். யாராவது பாருங்க.

நொய்யல்கரை: எந்தக் கட்டளையில் கம்பைல் செய்தீங்க? உங்கள் மெஷினில் ஓடுகிறதா? கன்சோலில் என்ன இருக்கிறது? இதெல்லாம் சொல்லாவிட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

சென்னிமலை_தறி: ரஸ்டை வாஸ்மாக்கும் வாஸ்ம்-பேக் கருவி என்றால் டார்கெட் வெப் கொடுத்தீங்களா? சும்மா விட்டால் பண்ட்லருக்கு (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவிக்கு) ஏற்ற மாதிரி எழுதிவிடும்.

நூல்காரன்_திருப்பூர்: வெப்தான் கொடுத்தேன். லோக்கலில் ஓடுகிறது, ஏற்றினால்தான் இல்லை. கன்சோலில், மைம் டைப் (கோப்பு என்ன வகை என்று சர்வர் சொல்வது) சரியில்லை என்று மஞ்சளில் ஒரு வரி. கீழே சிவப்பில், 00 61 73 6டி இருக்க வேண்டிய இடத்தில் 3சி 21 64 6எஃப் இருக்கிறதாம்.

கோவை_சர்வர்: மைம் டைப்பேதான். சர்வர் அதை 'அப்ளிகேஷன்/வாஸ்ம்' என்று சொல்லி அனுப்பணும். எனக்கும் இப்படித்தான் ஆனது. ஹெட்டரை மாற்றுங்க.

பைட்_பெரியவர்: தம்பிகளா, பிழைச் செய்தியை வாசிக்கப் பழகுங்கள். வாஸ்ம் கோப்பு எதுவானாலும் ஒரு பூஜ்ய பைட், அப்புறம் ஏ, எஸ், எம் என்றுதான் தொடங்கும். இங்கே வந்திருப்பது '<!', பிறகு டி, ஓ. அதாவது வெப் பக்கத்தின் முதல் வரியான டாக்டைப்பின் தலை. வாஸ்ம் கேட்ட இடத்தில், கோப்பு இல்லை என்று சொல்லும் 404 பக்கம் போயிருக்கிறது. மஞ்சள் வரியும் அதனால் வந்ததுதான். 590.5ஐக் கவுண்டால் (நூலின் பருமனைச் சொல்லும் நம்பரால்) வகுத்து டெக்ஸ் (1000 மீட்டர் நூலின் கிராம் எடை) கண்டுபிடிக்க ரஸ்ட் எதற்கு என்பது தனிக் கேள்வி.

சென்னிமலை_தறி: 30 நம்பருக்கு 19.7 டெக்ஸ், சரி. ஆனால் டெக்ஸ் சொல்லி எங்கள் பக்கம் யாருங்க நூல் வாங்குகிறார்? ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் (நூல் சுற்று) எத்தனை, அதுதான் நம்பர்.

பைட்_பெரியவர்: சிட்டத்தை வைத்துக்கொண்டு ஏற்றுமதி செய்யுங்கள், பார்ப்போம்.

சென்னிமலை_தறி: எங்கள் போர்வை எங்கெங்கே போகிறது என்று விசாரித்துவிட்டு வந்து பேசுங்க.

நூல்காரன்_திருப்பூர்: ஒரு வகுத்தல் மட்டும் இல்லைங்க. துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), டயா, லூப் நீளம் எல்லாம் உண்டு. அண்ணன் பனியன் கம்பெனியில் ஓடுகிற அதே நிரல். இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு வேண்டாம் என்றுதான்.

நொய்யல்கரை: சண்டை இருக்கட்டும். வாஸ்ம் கோப்பு ரெப்போவில் (கிட் என்ற கருவி கணக்கு வைத்திருக்கும் தொகுப்பில்) இருக்கிறதா?

நூல்காரன்_திருப்பூர்: இருக்குங்க, ஸ்டாட்டிக் கீழே பிகேஜி ஃபோல்டரில் கண்ணால் பார்க்கிறேன். ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) கோப்பை மட்டும் அசெட்ஸ் ஃபோல்டருக்கு நகர்த்தினேன், அது சரியாகப் போய்விட்டது.

நொய்யல்கரை: ஃபோல்டரில் இல்லைங்க, ரெப்போவில். நகர்த்தியதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! வாஸ்ம்-பேக் அந்தப் பிகேஜிக்குள் கிட்இக்னோர் கோப்பு (கிட் எதை விட்டுவிட வேண்டும் என்ற பட்டியல்) ஒன்றைத் தானாகவே போட்டுவைக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணில் படாது. திறந்தால் உள்ளே ஒரே ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். 'எல்லாமே' என்று அர்த்தம். கிட் அந்த ஃபோல்டரில் உள்ள எதையும் தொடாது. லோக்கலில் ஹ்யூகோ உங்கள் டிஸ்க்கைப் பார்க்கிறது, அதனால் ஓடுகிறது. ஏற்றும்போது ரெப்போவில் உள்ளது மட்டும்தான் போகும். வாஸ்மை ஒருமுறை 'கிட் ஆட் மைனஸ் எஃப்' போட்டு ஏற்றுங்க. அடுத்த பில்டில் நட்சத்திரம் திரும்ப முளைத்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே கணக்கில் ஏறிய கோப்பை இக்னோர் ஒன்றும் செய்யாது.

கோவை_சர்வர்: எதற்கும் ஹெட்டரையும் பார்த்துவிடுங்க.

நூல்காரன்_திருப்பூர்: வந்திருச்சுங்க. நட்சத்திரமேதான். முகவரி என் புரொஃபைலில் இருக்கு. நன்றி, தூங்கப் போறேன்.

சென்னிமலை_தறி: திறந்து பார்த்தேன். 30 போட்டால் 33.3 டெக்ஸ் காட்டுகிறதே? 1000ஐ 30ஆல் வகுத்தால் வருவது அது. தொடக்கத் தேர்வு நம்ம சிட்டக் கவுண்டில் இல்லாமல் மெட்ரிக் கவுண்டில் (கிராமுக்கு எத்தனை மீட்டர்) நிற்கிறது போல. பார்ட்டி வருவதற்குள் மாற்றிவிடுங்க.

சென்னிமலை_தறி: தம்பி, தூங்கிட்டீங்களா?