‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பதா, முகம் சுளிக்க வைப்பதா?

பட்டர்வொர்த்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் பணிபுரிகிறேன். டுரியான் பழத்தின் வாடை விருந்தினர்களை ‘புட் ஆஃப்’ செய்துவிட்டது என்று மேலாளர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பள்ளியில் அச்சொல்லுக்கு ஒத்திவைத்தல் என்றே படித்திருந்ததால், அவர்கள் வருகையைத் தள்ளிப்போட்டதாக எண்ணி, முன்பதிவை வேறு தேதிக்கு மாற்றிவிட்டேன். அவர்களோ மாடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்கள் உள்ளன? விளக்கை அணைப்பதற்கும் என் தந்தையார் இதையே சொல்கிறார், அது பிழையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உங்கள் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் விருந்தினரை ‘புட் ஆஃப்’ செய்தல் என்ற தொடருக்கே இரண்டு பொருள்கள் உண்டு. ‘வீ புட் தி கெஸ்ட்ஸ் ஆஃப் அன்டில் சாட்டர்டே’ என்றால், இப்போது வர வேண்டாம், சனிக்கிழமை வாருங்கள் என்று நாம் அவர்களிடம் சொல்லிவிட்டோம் என்பது பொருள். ஆனால் வாடை யாருக்கும் தேதி மாற்றிக் கொடுக்காது. எழுவாயாக வாடை, விலை, ஒருவரின் பேச்சு போன்றவை நின்று, செயப்படுபொருளாக ஆள் வந்தால், அது அவருக்கு வெறுப்பை ஏற்படுத்தியது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். ‘ஆஃப்-புட்டிங்’ என்ற பெயரடையும் இப்பொருளில் பிறந்ததுதான்.

ஒத்திவைத்தல் என்ற பொருளில் எழுதும்போது நம்மவர் வழுக்கும் இடங்கள் இரண்டு. போவதைத் தள்ளிப்போட்டேன் என்பதற்கு ‘புட் ஆஃப் கோயிங்’ என்றுதான் வரும், ‘புட் ஆஃப் டு கோ’ என்று வராது. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் அமர வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. தமிழில் ‘தள்ளிப்போடு’ என்பதிலும் ஒரு ‘போடு’ ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பாலிக் புலாவ் அக்கா:
ஆசிரியர் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். பூப்பந்தாட்டத்தில் ஒருவர் பந்தை அடிக்கக் கையை ஓங்கும் நேரத்தில் யாருடைய கைப்பேசியாவது அலறினால், அந்த ஓசை அவரை ‘புட் ஆஃப்’ செய்தது என்பார்கள். அங்கே வெறுப்பு இல்லை, கவனம் சிதறியது, அவ்வளவுதான்.

உங்கள் தந்தையார் சொல்வது பிழையன்று, சற்றுப் பழைய வழக்கு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், காலணிகளைக் கழற்று என்று மோசேக்குக் கட்டளையிடும் இடத்திலும் ‘புட் ஆஃப்’ தான் இருக்கிறது. இன்று விளக்குக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’ என்பவையே பரவலானவை. மலாய் மொழியின் ‘துத்துப் லம்பு’வை அப்படியே பெயர்த்தது போல நாம் சொல்லும் ‘க்ளோஸ் தி லைட்’டை மட்டும் அலுவலகக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்வாசி:
இருவருக்கும் நன்றி. எங்கள் குடியிருப்பின் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் கூட்டுப்பணி) ‘கால்ட் ஆஃப்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் இதே பொருள்தானே?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அன்று. அது ரத்து. புதிய தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.