நியூயார்க் – சிங்கப்பூர்: தூரமும் உதைக்கிறது, நேரமும் உதைக்கிறது

கேள்வி:
எக்செல்லில் விமான நிலையங்களுக்கு இடையே தூரம் காண ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். அட்சரேகை, தீர்க்கரேகை வரிசையில் நியூயார்க்கின் ஜேஎஃப்கே 40.64, 73.78; சிங்கப்பூரின் சாங்கி 1.36, 103.99. டிகிரியை ரேடியனாக (எக்செல் கேட்கும் கோண அளவு) மாற்றிவிட்டேன். ஆனாலும் விடை 5,320 கி.மீ.தான். ஜனவரி டிக்கெட்டில் புறப்பாடு இரவு 10.30, வருகை காலை 6.10 (+2, அதாவது இரண்டு நாள் கழித்து). கழித்தால் 31 மணி 40 நிமிடம்! தப்பு எங்கே?

பதில் 1:
73.78-க்கு முன்னால் மைனஸ் எங்கே சார்? நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. இப்போது நீங்கள் அளந்திருப்பது சாங்கியிலிருந்து கிர்கிஸ்தானுக்கு, ஓஷ் நகரத்துக்குக் கிழக்கே ஏதோ ஒரு மலைக்கு. −73.78 என்று மாற்றினால் 15,340 அளவில் வரும். வெளியே 15,349 என்று பார்ப்பீர்கள். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்ததால் வரும் வித்தியாசம் அது, விட்டுவிடலாம்.

பதில் 2:
டிக்கெட்டில் இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னால். 31.40-இல் 13 போக 18 மணி 40 நிமிடம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பார்கள். அப்போது 12 மட்டும் கழியுங்கள். செல்லில் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். நேரத்தை மட்டும் கழித்தால் விடை மைனஸாகி வெறும் ##### தான் தெரியும்.

கேட்டவர்:
15,340 வந்துவிட்டது, நன்றி. ஆனால் 900-ஆல் வகுத்தால் 17 மணிதானே? மிச்சம் ஒன்றரை மணிக்கு மேல் எங்கே போகிறது?

பதில் 3:
டிக்கெட் நேரம் கேட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். 900 என்பது உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது காற்றை ஒட்டிய வேகம். எதிர்காற்று அடித்தால் தரையில் அவ்வளவு நகராது.

பெரிய விஷயம் பாதை. உங்கள் 15,340 கி.மீ. கோடு, அதாவது உருண்டைமேல் மிகக் குறுகிய வழி, வடதுருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் போகிறது. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது தெரியவே தெரியாது. விமானம் அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு போகாது. அன்றைய காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்து அட்லாண்டிக் பக்கமோ பசிபிக் பக்கமோ வளையும். பின்காற்று கிடைத்தால் சுற்றுவழியே லாபம். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆரில் (மிக நீண்ட தூரத்துக்கான வகை) 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 கூடுதல். இருக்கை 161 மட்டுமே, எகானமி வகுப்பே கிடையாது.

தோராயத்துக்கு 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். இங்கே 18 மணி 33 நிமிடம் வருகிறது. குறுந்தூரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஏறி இறங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.